சாளை மீன் மேல் போட்ட பழி

கல்லூரி இரண்டாம் ஆண்டில் நாங்கள் நான்கு பேர் முட்டம் கடற்கரைப் பாறைக்குப் போனோம். நண்பன் ஒருவனின் அம்மா எல்லோருக்குமாகச் சாளை மீன் பொரித்துக் கொடுத்திருந்தார். அதை நான் பிராந்திக்கு டச்சிங்ஸ் ஆக்கினேன்.

அதுவரை குடித்தறியாத அந்த நண்பன், “எனக்கு வேண்டாம் மக்கா” என்றான். “ஏலே, ஒரு கிளாஸுல செத்தா போவ?” என்று கையில் திணித்தேன். நாலாவது கிளாஸையும் நான்தான் ஊற்றினேன்.

வாந்தியெடுத்து மயங்கியவனை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவன் அம்மாவுக்குப் போன் செய்து, வாந்தியெடுத்து மயங்கிவிட்டான் என்றேன். “மீனு கெட்டுப் போச்சா மக்கா?” என்று பதறினார். “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டேன், பாவி.

ஓடிவந்தவர், மகன் பிழைத்துக்கொள்வான் என்று சொன்ன டாக்டரைக் கும்பிட்டு, “எனக்க தப்புதான் டாக்டரே, நான் குடுத்த மீனுதான்” என்று அழுதார். டாக்டர் என்னைப் பார்த்தார். பிராந்தி நாற்றம் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.