பனிமலை அடிவாரத்தில் விட்ட குதிரை

திண்டிவனத்துத் தென்னரசுவுக்கு முப்பத்தெட்டு வயது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கும் வியாபாரி ஒருவரிடம் எடை போடும் வேலை. காலையில் தராசுப் பக்கத்தில் நின்றால் சாயங்காலம் வரை மூட்டை, கிலோ, கழிவு, அடுத்த மூட்டை. அதைத் தாண்டி அவன் வாயிலிருந்து பேச்சு வராது. இந்த ஆள் வீடியோ கேம் ஆடுகிறவன் என்று சத்தியம் செய்து சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். ஆனால் ஆடுவான். கத்திச்சண்டை, புதையல் தேடுவது, மலை ஏறுவது, எது கையில் சிக்கினாலும் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு வியாதி இருந்தது. அந்த வியாதிக்குப் பெயர் பிரான்சிஸ்.

பிரான்சிஸ் அவனோடு பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவன். இப்போது விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. ஊசியைப் பார்த்து நடுங்குகிறவர்களிடம் எதையாவது கதை சொல்லிக்கொண்டே குத்தி எடுத்துவிடுவான். ரத்தம் கொடுத்தவர்கள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதையின் மீதியைக் கேட்காமல் எழுந்து போக மாட்டார்களாம். ஆளுக்கொரு கேம் பெட்டி கட்டுப்படியாகாது என்று இரண்டு பேரும் சேர்ந்து பழையது ஒன்றை வாங்கியிருந்தார்கள். இரண்டு வாரம் திண்டிவனம், இரண்டு வாரம் விழுப்புரம். தவணை முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், நடுவழியில் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்து டீக்கடையில் பெட்டி கைமாறும். பழைய பெட்ஷீட்டில் சுற்றித் துணிக்கடைக் கட்டைப்பையில் வைத்து எடுத்து வருவார்கள். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் புடவை போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெட்டிக்குள் ஆளுக்கொரு ஐடி. ஒருவன் ஐடியை இன்னொருவன் திறக்கக் கூடாது என்பது வாய்வார்த்தையாகப் போட்ட ஒரே சட்டம். இன்னொரு வழக்கமும் இருந்தது. பெட்டியை மாற்றும்போது, ஆடியதில் என்ன பார்த்தோம் என்று டீ முடிகிறவரை சொல்ல வேண்டும். பிரான்சிஸிடம் கேட்டால், "நானு மெதுவா போய்க்கினு இருக்கேன் மச்சான், நீ சொல்லு" என்பான். பிறகு கேள்விமேல் கேள்வி. காற்று எந்தப் பக்கம் அடித்தது? அந்தக் கிழவி கதவைத் திறக்கும்போது முகத்தைப் பார்த்தாளா? நாள் முழுக்க எண்ணையே சொல்லிப் பழகிய தென்னரசுவுக்கு அங்கே மட்டும் எப்படியோ வாய் திறந்துகொள்ளும். டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது வாட்ஸப் குரூப். வானூரிலிருந்து கோலியனூர் வரை, கேம் பைத்தியம் பிடித்த நாற்பது பேர் அதில் இருந்தார்கள். புதிதாக ஒன்றை ஆடியவர்கள், எப்படி இருந்தது என்று குரலில் பேசிப் போட வேண்டும். பனிமலை என்ற கேமைப் பற்றித் தென்னரசு போட்டது இது:

"பனிமலை ஆடினேன். கிராபிக்ஸ் சூப்பர். சண்டை கொஞ்சம் ஸ்லோ. பத்துக்கு ஏழரை."

பதினோரு விநாடி. அதற்கு இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

நாலு நாள் கழித்து அதே பனிமலையைப் பற்றிப் பிரான்சிஸ் போட்டது ஆறு நிமிஷம். இருபத்தேழு பேர் இதயம் போட்டார்கள். வானூர்க்காரர் ஒருவர், சென்ட்ரிங் வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் கேட்டதாகவும் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தார். தென்னரசுவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. யார் நன்றாக ஆடுகிறவன்? நானா, அவனா? முகமூடிக் கத்திக்காரனை ஒரே நாளில் வீழ்த்தியவன் யார்? மூழ்கிய கப்பலுக்குள் மூச்சுத் தீர்வதற்கு முன்னால் சாவியை எடுத்து வந்தவன் யார்? வாய் இருக்கிறவனுக்குத்தான் காலம் போல என்று தராசுத் தட்டைக் காலால் ஒரு தள்ளு தள்ளினான்.

அந்த ஆறு நிமிஷத்தில் அவன் கேட்டது பத்து விநாடி. அன்றிலிருந்து பிரான்சிஸின் எந்தக் குரல் வந்தாலும் அதே பத்து விநாடி கேட்பான், அணைத்துவிடுவான். அதற்கு மேல் கேட்டால் நன்றாக இருந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன. கொஞ்ச நாளில் அந்தப் பத்து விநாடியும் நின்றுபோய், குரூப்பையே சத்தமில்லாமல் ஆக்கி வைத்தான்.

சத்தம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. பிரான்சிஸின் மனைவி ஜெசிந்தா அந்தப் பேச்சையெல்லாம் தென்னரசுவின் மனைவி வேணிக்கு அனுப்பிவைத்துக்கொண்டிருந்தாள். வேணி சட்னி அரைக்கும்போது தென்னரசு எதையாவது சொன்னால், மிக்ஸி பாட்டுக்கு ஓடும். பிரான்சிஸ் பேச ஆரம்பித்தால் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அதைக் கண்ணால் பார்த்த அன்று அவன் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டான்.

"கேமே ஆடாதவளுக்கு அதுல இன்னா இருக்குது?" என்றான்.

"நல்லாருக்குதுங்க. அந்த மலை அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது."

"நானுந்தான் மலை ஏறினேன்."

"ஏறுனீங்க. ஏறுனதப் பத்தி எங்கிட்ட எப்ப சொன்னீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். போன இடத்திலும் நிம்மதி இல்லை. மூட்டை தூக்கும் கோபியும் அந்த குரூப்பில் இருப்பவன். தராசில் மூட்டையை இறக்கிவிட்டு, "இன்னாண்ணா, குதிரை நல்லாருக்குதா?" என்று சிரித்தான். பிரான்சிஸின் குதிரையை வைத்துத் தன்னைச் சீண்டுகிறான் என்று தென்னரசுவுக்குத் தோன்றியது. "வேலையப் பாருடா" என்று விழுந்தான். கோபி ஒன்றும் புரியாமல் போனான்.

இத்தனைக்கும் அந்த இரண்டு வாரம் பெட்டி தென்னரசுவிடம்தான் இருந்தது. பனிமலையின் கடைசிப் பகுதியை ஆடி முடித்திருந்தான். உச்சியில் இருந்த மடத்தையும் பார்த்தான், இறங்கியும் வந்தான். முந்தின தவணையில் ஏறும்போது பாதை குறுகிவிட்டதால் குதிரையை அடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். இறங்கி வந்து அங்கே கண்டதில் ஐந்து நிமிஷம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வேணி உள்ளே வந்து "இன்னாச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, கேமு" என்றான்.

பெட்டியைத் திருப்பித் தர வேண்டியதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். பொறாமை பிடித்தவன் கை சும்மா இருக்குமா? இவன் எதுவரைக்கும்தான் போயிருக்கிறான், பார்த்துவிடலாம் என்று பிரான்சிஸின் ஐடியைத் திறந்தான். திறக்கும்போது மனசு கொஞ்சம் உறுத்தியது. திறந்த பிறகு அந்த உறுத்தல் இருந்த இடம் தெரியவில்லை.

பனிமலையில் பிரான்சிஸ் ஆடியிருந்தது அறுபத்தோரு மணி நேரம். வந்து சேர்ந்திருந்த இடம், ஆட்டம் தொடங்குகிற மீனவக் கிராமம். மொத்தத்தில் நூற்றுக்கு நாலு பங்கு. அந்தக் கிராமத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் பாலத்தில் நிற்கும் வில்லுக்காரனைத் தாண்ட வேண்டும். அவனிடம் நூற்றுப் பன்னிரண்டு முறை செத்திருந்தான். மற்ற நேரமெல்லாம் கரையில் உட்கார்ந்து மீன் பிடித்திருக்கிறான். பையில் முந்நூற்றுச் சொச்சம் மீன். குதிரை கிடையாது. மலை கிடையாது. பனி ஒரு பொட்டுக்கூடக் கிடையாது.

தென்னரசு எழுந்து நின்றுவிட்டான். அப்படியானால் அந்த ஆறு நிமிஷம்? இருபத்தேழு இதயம்? விக்கிரவாண்டி டீக்கடை நினைவுக்கு வந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டானே! ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றியிருக்கிறான். என் மலை. என் குதிரை. என் பெண்டாட்டியின் மிக்ஸி நின்றதும் என் கதைக்குத்தான்.

டிவியைப் படம் பிடித்தான். குரூப்பைத் திறந்து படத்தைப் போட்டு, கீழே எழுதினான்: "மலை ஏறுனவரை எல்லாரும் நல்லா பாத்துக்கங்க. இன்னும் மொத ஊர்ல மீன் புடிச்சிக்கினு இருக்காரு."

பல நாளுக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது. இனி அவன் மானம் போகிற அழகைப் பார்க்கலாம் என்று கட்டிலில் சாய்ந்தான்.

முதலில் கோபி எழுதினான்: "தெரிஞ்சதுதானேண்ணா."

அடுத்து வானூர்க்காரர்: "அவரேதான் ஒவ்வொரு வாட்டியும் சொல்றாரே தம்பி."

பிறகு பிரான்சிஸே வந்தான்: "ஆமா மச்சான், அந்த வில்லுக்காரன் பெரிய பேஜாரு. மீனுதான் நமக்கு செட் ஆவுது." சற்றுப் பொறுத்து இன்னொரு வரி வந்தது. "என் ஐடிய எதுக்குத் தொறந்த?"

தென்னரசு அந்த வரியை இரண்டு முறை படித்தான். படத்தை அழிக்கப் பார்த்தான். அழித்தும் விட்டான். ஆனால் அதற்குள் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் பார்த்தாயிற்று.

அடுப்படியில் வேணி கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்தாள். அவன் வந்து வாசலில் நின்றான்.

"அந்த மலைப் பேச்சு உன் போன்ல இருக்குதா?"

"எது? பிரான்சிஸ் அண்ணன் பேசினதா?" மாவுக் கையால் போனைத் தொடாமல், இருக்கும் இடத்தைத் தாடையால் காட்டினாள். "நீங்களே போட்டுக்கங்க. இன்னாத்துக்கு திடீர்னு?"

போட்டான். மலை வந்தது. காற்று இடது காதில் அடித்தது. குதிரையை விட்டுவிட்டு ஏறுகிறவன் ஒரு பாறை விளிம்பில் நின்று திரும்பிப் பார்க்கிறான். கீழே அது சின்னதாய்த் தெரிகிறது, தலையைத் தூக்கி மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறது. தென்னரசு டீக்கடையில் சொன்னது ஒரு வரி. இவன் அதற்குள் உட்கார்ந்து அரை நிமிஷம் பேசியிருந்தான். ஆறாவது நிமிஷத்தில் பிரான்சிஸின் குரல் கொஞ்சம் மாறியது.

"இதுல ஒண்ணுகூட நானு பாத்தது இல்ல. எல்லாம் திண்டிவனம் தென்னரசு பாத்தது. எங்கிட்ட சொல்லிக்கினு இருந்தான், என் டீயும் ஆறிப்போச்சி, அவன் டீயும் ஆறிப்போச்சி. குதிரை இன்னா ஆச்சின்னு அவனுக்கே இன்னும் தெரியாது. அவன் இறங்கி வந்து சொன்னா, நானு உங்களுக்கு சொல்றேன்."

வேணி தோசைக்கல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "எல்லாத்துலயும் கடைசில இப்பிடித்தான் சொல்வாரு. கத்திக்காரன், கப்பலு, எல்லாத்துலயும். நீங்க கேட்டதில்லியா?"

"இல்ல."

"அதான் நானு விடாம கேக்குறேன். உங்க வாயிலேர்ந்துதான் ஒண்ணும் வரமாட்டேங்குதே."

கேட்கக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. பொறாமை போயிற்றா என்றால், எங்கே போயிற்று? தான் ஏறிய மலையைத் தானே இன்று அவன் வாயால்தான் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அதே இடத்தில்தான் எரிந்தது.

வேணி அடையைத் திருப்பிப் போட்டாள். "இறங்கிட்டீங்களா?"

"ம்."

"குதிரை இருந்துச்சா?"

அவன் வாயைத் திறந்தான். அடிவாரம் அப்படியே கண்ணுக்குள் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"இருந்துச்சி" என்றான்.

அவள் காத்திருந்தாள். அடை ஒரு பக்கம் தீய ஆரம்பித்ததும் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"சரி வுடுங்க. நாளைக்கு டீக்கடையில அவருகிட்ட சொல்லுங்க. நானு கேட்டுக்கறேன்."