தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் நின்றவர்

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? பெற்ற அப்பச்சியையே வாசலில் நிறுத்திவைத்தவள் நான்.

என் மூன்று வயதில் அவர் ரங்கூனுக்குக் கப்பலேறினார். பத்து வயதில் ஒரு மத்தியானம், ஆத்தா நாச்சியாபுரத்து விசேஷத்துக்குப் போயிருக்க, தனியே துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். அதில் வீட்டுக்காரரைப் போல வேடமிட்டு ஒரு கொலைகாரன் வருகிறான். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

“அப்பச்சி வந்துருக்கேன். தொறத்தா.”

சன்னல் வழியே பார்த்தேன். தாடியும் மீசையுமாக யாரோ!

“யாரை ஏமாத்துறீக? சுவத்துல மாட்டிருக்க படத்துல அப்பச்சிக்குத் தாடியே கிடையாது!”

“கப்பல்ல யாருத்தா செரைச்சு விடுவா?” என்று சிரித்தார்.

கதையில் வந்தவனும் எதற்கும் இப்படித்தான் சட்டென்று பதில் சொன்னான். கையை வெளியே நீட்டப் பயந்து, உள்ளிருந்தே தூக்கிக் காட்டினேன்.

“இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?”

சன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துப் பார்த்தார்.

“தெரியலையேத்தா. நான் போனப்புறம் சுட்டுக்கிட்டியா?” என்று கம்பிக்குள் கைநீட்டித் தழும்பைத் தொடப் பார்த்தார்.

அவர் போன பிறகு பட்ட சூடுதான் அது; பொய்க்காரன் என்றால் ஏதாவது கதை சொல்லியிருப்பான். தாழ்ப்பாளை நீக்கினேன்.

கதை படித்துக் கெட்டுப்போனேன் என்று ஆத்தா பல நாள் திட்டினாள். எனக்கென்னவோ, அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் அவர் மனம் தெரியாமல், அவரை அன்னியராகவே நினைத்து வளர்ந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.