துப்பட்டாவுக்குள் ஒரு வரைபடம்

போன வருடம் சித்திரை மாதம். சுல்தான்பேட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே தடம் மூன்றாகப் பிரியும் ஓர் இடத்தில், உச்சி வெயிலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நான் என் போனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் கால்நடை மருத்துவர். வீடு சூலூரில். எங்கள் பக்கத்தில் ஊருக்குள் வரிசையாக வீடு கட்டி இருப்பவர்களைவிட, தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் அதிகம். அந்த வீடுகளுக்குப் போகும் வழி இட்டேரிதான். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் தடம். எல்லா இட்டேரியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வழி கேட்டால் "பக்கந்தானுங்க" என்பார்கள். அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். அதனால் போனில் லொக்கேஷன் அனுப்பும் காலம் வந்ததும் அப்பாடா என்று இருந்தது எனக்கு. வழியில் நின்று ஆளைக் கேட்பதே எனக்குப் பிடிக்காது. ஒரு டாக்டர் வழி தெரியாமல் நிற்பதா என்ற வீண் கௌரவம்தான், வேறென்ன!

அன்று பால் சொசைட்டி செக்ரட்டரி கூப்பிட்டார். "காலையில கன்னு போட்ட மாடுங்க. படுத்துட்டு எந்திரிக்க மாட்டீங்குதுங்க. கழுத்தை ஒருபக்கமா மடிச்சு வெச்சிருக்குதாமுங்க" என்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நிறையப் பால் கறக்கும் மாடு கன்று போட்டதும், உடம்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலில் இறங்கிப் போய்விடும், மாடு சரிந்துவிடும். ரத்தக் குழாயில் கால்சியம் ஏற்றினால் அரை மணி நேரத்தில் எழுந்து நின்று தீவனம் கேட்கும். ஏற்றாமல் விட்டால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். மருந்து என் பெட்டியில் இருந்தது. நான் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

செக்ரட்டரி அனுப்பிய லொக்கேஷனைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தார் ரோட்டை விட்டு இட்டேரிக்குள் இறங்கியதும் ஆரம்பித்தது தொல்லை. போன் திரையில் வழி தெரியவில்லை, என் மூஞ்சிதான் தெரிந்தது. வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினேன். சூடு தாங்காமல் அதுவாகவே குறைத்துக்கொண்டது. அந்தப் பிரிவில் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, துப்பட்டாவைத் தலையோடு போட்டு மூடி, அந்த இருட்டுக்குள் போனைப் பிடித்துப் பார்த்தேன். கோடு தெரிந்தது. இடது பக்கம் போனேன். ஒரு கிணற்றில் போய் முடிந்தது. திரும்பி வந்து மறுபடி முக்காடு. வலது பக்கத் தடம். அது யாரோ பூட்டிவைத்த கேட்டில் முடிந்தது. மூன்றாவது முறை முக்காட்டுக்குள் தலையை விட்டபோது போன் அணைந்தே போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். "இப்படி நட்டாத்துல உடறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

மிச்சமிருந்த நடுத் தடமும் எங்காவது போய் முட்டிவிடுமோ என்ற பயத்தில் கடைசியில் தார் ரோட்டுக்கே திரும்பிப் போய், எதிரில் வந்த டிராக்டர்காரர் முன்னால் போக, வேறொரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐம்பது நிமிடம் போய்விட்டது. மாடு கால்களை நீட்டி, வயிறு உப்பிக் கிடந்தது. ஊசியைக் கழுத்தில் ஏற்றிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். கால் பாட்டில்கூட இறங்கவில்லை. என் கண் முன்னாலேயே போய்விட்டது. கன்றுக்குட்டி கொஞ்சம் தள்ளி ஈரம் காயாமல் நின்றுகொண்டிருந்தது.

அந்த வீட்டு அம்மா அழவில்லை, ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "வழியில ஆரும் நிக்கலீங்களா, டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அது குற்றம் சொல்வதுபோல் பட்டது. "ஒரு ஈ காக்கா இல்லீங்க அந்தத் தடத்துல. இருந்தாக் கேட்டிருக்க மாட்டனா?" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிங்க" என்று சொம்பை நீட்டினார். அந்த மோரை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பித்து. வெயிலில் தெரிகிற திரை ஒன்று வேண்டும். அது மட்டும் இருந்திருந்தால் அந்த மாடு பிழைத்திருக்கும் என்று வீட்டில் சொன்னேன், சொசைட்டியில் சொன்னேன், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன்.

முதலில் போனுக்கு அட்டையில் ஒரு கூரை செய்து மாட்டினேன். முதல் குழியிலேயே பறந்துபோனது. பளபளப்பைக் குறைக்கும் ஒட்டுத்தாள் ஒட்டினேன். என் மூஞ்சி மறைந்தது, கூடவே வரைபடமும் மறைந்தது. பிறகு கோயமுத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போய், இருப்பதிலேயே வெளிச்சம் அதிகமுள்ள போனைக் காட்டச் சொன்னேன். கடைக்குள் ஏசி குளிரில் எல்லாத் திரையும் ராஜாதான். "வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்க்கணும்" என்றேன். விற்பனைப் பெண் மேனேஜரைக் கேட்டு, மேனேஜர் யோசித்து, கடைசியில் செக்யூரிட்டி கூடவே வர, மத்தியானம் நடைபாதையில் நின்று பத்து நிமிடம் அந்தப் போனைச் சூடேற்றினேன். அதுவும் மங்கியது. செக்யூரிட்டிதான் "எந்தப் போனும் சூரியனோட மோத முடியாதுங்க மேடம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

புத்தகம் படிக்கும் கருவி ஒன்று என் அக்கா மகளிடம் இருந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, வெயிலில் அருமையாகத் தெரிந்தது. அதில் வரைபடத்தை ஏற்றிக் கொண்டுபோனேன். தெரிந்தது சரி, ஆனால் தடமும் சாம்பல், வாய்க்காலும் சாம்பல், வேலியும் சாம்பல். தடம் என்று நம்பி ஒரு பாசன வாய்க்கால் கரையில் ஸ்கூட்டரை ஏற்றி, திருப்ப இடமில்லாமல் அரை கிலோமீட்டர் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்தேன். வெயிலில் தெரிந்தால் மட்டும் போதாது, நிறமும் வேண்டும் என்ற ஞானம் அப்போதுதான் பிறந்தது.

விடை கோயமுத்தூர் உக்கடம் குளக்கரையில் கிடைத்தது. மொத்தக் கடையில் மருந்து வாங்கிவிட்டு வரும்போது, டீக்கடை முன்னால் ஒருவர் சைக்கிளை நிறுத்தியிருந்தார். ஹேண்டில்பாரில் தீப்பெட்டியை இரண்டு மடங்காக்கினால் என்ன அளவோ அந்த அளவில், வழிகாட்டும் கருவி ஒன்று. சுள்ளென்ற வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. ரோடு மஞ்சளாக, குளம் நீலமாக, துல்லியமாகத் தெரிந்தது. அனுமதிகூடக் கேட்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் டீயோடு வந்து, "ஏனுங்க, என்னங்க வேணும்?" என்றார் பயந்துபோய்.

விஷயத்தைச் சொன்னேன். மனிதர் பொறுமையாக விளக்கினார். போன் திரை உள்ளிருந்து விளக்கடிக்கிறது, அது சூரியனோடு போட்டி போட்டுத் தோற்கிறது. இந்தத் திரை விழுகிற வெயிலையே வாங்கித் திருப்பிக் காட்டுகிறது. "வெயில் ஏற ஏறத் தெளிவாத் தெரியுமுங்க. இருட்டுலதான் சிரமம்" என்றார். அவர் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய நண்பர் ஒருவர் புதிது வாங்கிவிட்டுப் பழையதைச் சும்மா வைத்திருந்தார். அதை எனக்குப் பேசி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் பட்டறைக்கு வரச் சொல்லி, ஸ்கூட்டர் கைப்பிடியை அளவெடுத்து, அலுமினியத்தில் ஒரு பிடி கடைந்து மாட்டியும் விட்டார். முன்பின் தெரியாத எனக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, "மாட்டுக்குங்க" என்று சிரித்தார்.

அந்தக் கருவியில் லொக்கேஷனை நினைத்தவுடன் போட முடியாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒருமுறை போய் நின்று, அந்த இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். நாலு மாதம் அதையே வேலையாகச் செய்தேன். நிறம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், பத்துத் தடவை துவைத்த சேலை மாதிரி. ஆனால் உச்சி வெயிலில் ஒரு பார்வை போதும்.

இந்த வருடம் மாசியில், கோமாரி தடுப்பூசி போட அதே தோட்டத்துக்குக் கிளம்பினேன். அதை மட்டும் குறிக்காமல் தள்ளிப்போட்டு வந்திருந்தேன்; காரணம் உங்களுக்கே தெரியும். அதே பிரிவு. திரையில் மூன்று தடமும் தனித்தனியாகத் தெரிந்தன, நடுத் தடம்தான் அந்தத் தோட்டத்துப் பக்கம் போகிறது என்பதும் தெரிந்தது. முக்காடு இல்லை, திட்டு இல்லை. நிதானமாக நிமிர்ந்து பார்த்தேன். இருபதடி தள்ளி வேப்பமர நிழலில் ஓர் அம்மா புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "வெயில்லயே தெரியுதுங்களே! அன்னைக்கு இது இருந்திருந்தா நீங்க முக்காடு போட்டிருக்க மாட்டீங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க எங்க பார்த்தீங்க?" என்றேன்.

"இங்கதானுங்க, இதே மரத்தடியில. டாக்டர் வருவாங்க, கூட்டிட்டு வான்னு தோட்டத்துல இருந்து என்னைய அனுப்பிச்சு உட்டாங்க. நான் யாரோ ஆம்பள டாக்டரு ஜீப்புல வருவாருன்னு நெனச்சுட்டு நிக்கறேன். நீங்க மூணு தடவ வந்தீங்க. தலையோட துணியப் போட்டுட்டு, 'நட்டாத்துல உடறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா'ன்னு சத்தம் போட்டீங்க. ஊட்டுக்காரர்கிட்டச் சண்டையாட்டம் இருக்குது, பாவம், அழுகறாங்க, நாம போயி என்ன ஏதுன்னு கேக்கறது நல்லா இருக்காதுன்னு நின்னுட்டனுங்க. எங்க போறீங்கன்னும் கேக்கப்படாதுங்களே, போற காரியம் ஆகாதும்பாங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் அடுத்த கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டேன்: "இன்னும் அந்தத் தோட்டத்துலதான் வேலைங்களா, அக்கா?"

"இல்லீங்க. பதினோரு வருசம் அங்க பால் கறந்தேன். அன்னைக்கப்பறம், இனி நாங்களே கறந்துக்கறோம்னு சொல்லிப்போட்டாங்க." புல்லுக்கட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார். "வழியில ஆருமே இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்களாமா. நான் நிக்காம எங்கியோ போயிட்டு வந்து பொய் சொல்றேன்னு நெனச்சுட்டாங்க. ரெண்டு தடவ சொல்லிப் பார்த்தனுங்க. டாக்டரு பேச்சுக்கு முன்னால எம்பேச்சு நிக்குங்களா?"

வெயில் அப்படியே தலையில் இறங்கியது. அந்த வீட்டு அம்மா ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார், ஏன் வீட்டுக்காரரைப் பார்த்தார் என்பதெல்லாம் அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. ஒரு மாட்டைக் காப்பாற்ற முடியாமல் போனதற்காக ஒரு வருடமாகப் போனைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் ஒரு வாக்கியம் ஒரு மனுஷியின் பதினோரு வருட நல்ல பேரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, அது எனக்குத் தெரியவே தெரியாது. "வாங்க அக்கா, வண்டியில ஏறுங்க, நான் வந்து சொல்றேன்" என்றேன். "வேண்டாமுங்க, முடிஞ்ச கதைங்க" என்று புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

நான் போனேன். பட்டியில் அன்றைய கன்றுக்குட்டி கிடாரியாக வளர்ந்து நின்றது. ஊசியை உடனே எடுக்கவில்லை. அந்த வீட்டு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். துப்பட்டாவை எப்படிப் போட்டேன், என்ன திட்டினேன், அதை அந்த அக்கா வார்த்தை பிசகாமல் எப்படித் திருப்பிச் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க அங்கதான் நின்னிருக்கறாங்க. நான்தான் தலையைத் தூக்கிப் பார்க்கலீங்க. தப்பு என்னுது" என்றேன்.

அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். பிறகு, "நாங்க அவளை ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். "திட்டலீங்க, ஏசலீங்க. ஏண்டி நிக்கலேன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூட இல்லீங்க..." அந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. மாடு செத்த அன்று அழாதவர் இப்போது அழுதார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல், அந்த அக்கா வீடு இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தார். நான் தனியாகவே எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுவிட்டு வந்தேன்.

அந்த அக்கா மறுபடி அங்கே வேலைக்குப் போகவில்லை. வேறு தோட்டத்தில் பழகிவிட்டதாம். ஆனால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு, விசேஷத்துக்கு முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று செக்ரட்டரி சொன்னார். எனக்கு அது பாதி ஆறுதல்தான். அந்த ஒரு வருடத்தை அவருக்கு யாராலும் திருப்பித் தர முடியாது.

இப்போதெல்லாம் "அங்கே யாருமே இல்லை" என்று சொல்ல வாயெடுத்தால் பாதியில் நிறுத்தி, "நான் யாரையும் பார்க்கவில்லை" என்று மாற்றிச் சொல்கிறேன்; அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், நான் பார்க்காத யாரோ ஒருவர் எங்கோ வெயிலில் நின்றுகொண்டிருப்பதாகவே மனசுக்குப் படுகிறது.