ஃபீபியும் இரண்டு லைன்களும்

ஃபீபிக்கு ஓரிடத்தில் நிம்மதியாக இருக்க வராது. சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் வேதாகமத்துக்கு அடியில் கைபேசியை ஒளித்து, ஆம்பூரின் இன்டர்நெட் எந்த லைனில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பாள். ஊரில் பாதி வீடுகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்தில் அவள்தான் நெட்வொர்க் இன்ஜினியர். பதினாறு வருஷமாக அதே வேலை, அதே பதைப்பு.

வெளியுலகத்தோடு சேர அவர்களுக்கு இரண்டு லைன்கள்: ஒன்று சென்னை வழியாக, இன்னொன்று பெங்களூர் வழியாக. ஒன்றில் நெரிசல் என்றால் ஃபீபி கையாலேயே மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, கல்யாணப் பந்தியில் இருந்தாலும் சரி. முதலாளி சுஹேல் அகமது அவளைவிட ஆறு வயது இளையவர். அந்த வேலையைப் பேசாமல் ஒரு பெங்களூர் கம்பெனியின் மென்பொருளிடம் விட்டுவிடலாம் என்றார். ஃபீபிக்குச் சுருக்கென்றது. இரண்டு லைனையும் பார்த்துத் தானே வழியை மாற்றும் ஒரு ப்ரோக்ராமை அவள் வீட்டில் முக்கால்வாசி எழுதி வைத்திருந்தாள். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கேட்டாள். ஒருமுறை நெட் படுத்தாலும் பெங்களூர் கம்பெனிதான் என்ற நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார்.

திங்கள் முதல் வியாழன் வரை ப்ரோக்ராம் சமர்த்தாக ஓடியது. எழுதியவள்தான் நகத்தைக் கடித்துத் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்தாள். வெள்ளிதோறும் அவள் சாப்பிடும் நேரம் அதுதான். ஜுமா தொழுகைக்காகக் கடைகள் சாத்தியிருக்கும், புகார் போன் வராது. இரண்டேகாலுக்கு ஷூ கம்பெனி மேலாளர் லியாகத் அலி கூப்பிட்டார். ஜெர்மனிக்காரர்கள் வீடியோவில் சரக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிட்டதாம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

ஃபீபி திரையைப் பார்த்தாள். சென்னை லைன் காலியாகக் கிடந்தது. ஊர் முழுக்கப் பெங்களூர் லைனில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. ஒரு லைனில் போக்குவரத்து சட்டென்று விழுந்தால் அது செத்ததாக எடுத்துக்கொள் என்று அவள்தான் எழுதியிருந்தாள். தொழுகைக்கு ஊர் அடங்கியதும் முதலில் சென்னை லைனில் போக்குவரத்து விழுந்தது; ப்ரோக்ராம் அதைக் கைகழுவி எல்லாவற்றையும் பெங்களூர் லைனுக்குத் தள்ளிவிட்டது. அதன்பின் அதில் எதுவுமே போகாததால், செத்ததுதான் என்று உறுதியாக நம்பிவிட்டது. தொழுகை முடிந்து ஊர் மறுபடி நெட்டுக்கு வந்தபோது ஒரே லைன்தான் மிச்சம். கையால் எல்லாவற்றையும் சரிசெய்யப் பதினோரு நிமிஷம் ஆனது.

சுஹேல் பள்ளிவாசலிலிருந்து தொப்பியோடு நேரே வந்தார். சென்னை லைன் கட்டாகிவிட்டதா என்று அவரே கேட்டார். ஆமாம் என்றால் போதும், பழி லைன்மேல் போய்விடும். நடந்ததைப் படித்துச் சொல்ல ஊரில் வேறு ஆளில்லை. ஃபீபிக்கு அந்த ஆமாம் நாக்கு நுனிவரை வந்தது.

"லைன்ல ஒண்ணும் இல்ல சார். நான் எழுதுனதுதான் தப்பு. ஜுமாவை மறந்துட்டேன்."

"ஆம்பூர்லயே பொறந்தவங்க, ஜுமாவை மறந்துட்டீங்களா?"

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. ப்ரோக்ராமை இப்போதே நிறுத்திவிடுவதாகவும், பெங்களூர்க்காரர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லி கீபோர்டை இழுத்தாள்.

"இருங்க மேடம். நீங்களாவது மறந்தீங்க. அவங்களுக்கு நம்ம ஊரைப் பத்தி மறக்கறதுக்குக்கூட ஒண்ணும் கெடயாது. சரி பண்ணி ஓட்டுங்க."