ரெண்டு பேரும் முழிச்சிருக்கிற போட்டோ

எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் வேற வேற கம்பெனி. நான் செல்போன் தயாரிக்கிற கம்பெனியில லைன்ல நிக்கிறேன், அவரு ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனியில. எனக்குக் காலை ஷிப்ட்னா அவருக்கு நைட். அடுத்த வாரம் மாறுதே, நிம்மதியா மூஞ்சி பாத்துக்கலாம்னா அதே வாரம் அவருக்கும் மாறித் தொலைக்கும். நான் பஸ் ஏறிப் போவேன், அவரு வந்து படுப்பாரு. நான் திரும்பும்போதும் தூங்கிக்கினுதான் இருப்பாரு. அவரு எழுந்திருக்கிற நேரத்துக்கு நான் சாஞ்சிடுவேன். குடும்பம் நடத்துறோம்னு பேரு.

கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் நாங்க சேர்ந்த மாதிரி ஒரு போட்டோ கிடையாது. போன்ல எடுத்துக்கலாமேன்னு கேப்பாங்க. உள்ள படம் எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி கேட்ல தெனம் போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. பிச்சிப் பிச்சி அந்தக் கோந்துல, யாரை எடுத்தாலும் பனியில நிக்கிற மாதிரி விழும்.

அதான் அந்த ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போயே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அந்தக் காலத்துப் பட்டணம் மாதிரியே ஒருநாள் திருவிழா, எல்லாம் இலவசம், பழைய பெட்டி கேமராவுல போட்டோ எடுத்துக் கையில குடுக்கிறாங்கன்னு லைன்ல பக்கத்துல நிக்கிறவ சொன்னா. அதிசயமா ரெண்டு பேருக்கும் லீவு. ஆனா அவரு நைட் முடிச்சி அப்பதான் வந்திருந்தாரு. "போலாம் வா"ன்னு மூஞ்சி கழுவிக்கினு கிளம்பிட்டாரு. பாவம் மனுசன்.

எங்க ஊரு மண்ணூர்லேர்ந்து பூந்தமல்லி, அங்க மாறி பீச்சு. கம்பெனி பஸ்ல போறவங்க எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு, சீட்டுல முதுகு பட்டாப் போதும், கண்ணு மூடிக்கும். அவரை வழி பூரா நிக்க வச்சேதான் கூட்டிக்கினு போனேன். "போட்டோ எடுத்துட்டு எங்கனா விழுந்து தூங்கு மாமா"ன்னேன்.

பீச்சுல பழைய காரு, கிராமபோன், கோலி சோடா, வெயிலு. ஓசின்னா நம்ம ஜனம் வுடுமா? போட்டோவுக்குப் பெரிய வரிசை. எங்க முறை வந்ததும் அவருக்குக் கோட்டு மாட்டி, தலப்பா வச்சாங்க. அரண்மனை வரைஞ்ச படுதா, முன்னாடி ஒரு பெரிய நாற்காலி. நான் போய் உக்காந்துட்டேன்.

"எழுந்திரும்மா"ன்னாரு போட்டோக்காரரு. "அந்தக் காலத்துல ஆம்பளை உக்காருவாரு, பொம்பளை பக்கத்துல நிப்பாங்க."

"அண்ணா, வாரம் பூரா லைன்ல நின்னுக்கினே வேலை செய்யறேன். இங்கயும் நிக்கணுமா? அவரு உக்காந்தா தூங்கிடுவாருண்ணா."

வரிசையில சிரிச்சாங்க. "முறைன்னு ஒண்ணு கீதும்மா"ன்னு அவரை உக்கார வச்சிட்டாரு. கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டுக்கினு, "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சா கலைஞ்சிடும். குடும்பத்துக்கு ஒரு போட்டோதான்"னாரு. உள்ள என்னமோ நோண்டிக்கினே இருந்தாரு.

நான் அவரு தோள்ல கை வச்சிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா தலை சாஞ்சி வந்து என் கையில விழுந்துச்சி. புரிஞ்சிபோச்சி. கிள்ளினா போட்டோ கலையும், கிள்ளலன்னா தூங்குவாரு. எனக்கு அழுகையே வந்துச்சி. அழுதாலும் அசையுமேன்னு கல்லு மாதிரி நின்னேன்.

போட்டோ வந்துச்சி. நான் கண்ணைத் தொறந்து வச்சிக்கினு முறைச்சிக்கினு நிக்கிறேன், அவரு தலப்பாவோட வாயைத் தொறந்துக்கினு தூங்குறாரு. "மகாராஜா அசதியா கீறாரு"ன்னு பின்னாடி எவனோ சொன்னான். போட்டோக்காரர் மேல கோவம், கம்பெனி மேல கோவம், இவரு மேல அதுக்கும் மேல கோவம். விறுவிறுன்னு வந்து பஸ்ல உக்காந்தேன். போட்டோவை அவரு மடியில போட்டேன்.

ரொம்ப நேரம் பாத்தாரு. தன் கோலத்தைப் பாத்து சிரிப்பாருன்னு நெனச்சேன். சண்டை போடத் தயாரா இருந்தேன்.

"என்னை வுடு"ன்னாரு. "நீ முழிச்சிக்கினு இருந்தா இப்டியா இருப்ப? நான் பாக்கும்போதெல்லாம் தூங்கிக்கினுதானே கீற."

அவரு தோள்ல சாஞ்சிக்கினேன். பேசறதுக்கு எவ்வளவோ இருந்துச்சி, இன்னிக்கு வூட்டுக்குப் போறதுக்குள்ள எல்லாம் பேசிடணும்னு நெனச்சேன்.

பூந்தமல்லியில கண்டக்டருதான் ரெண்டு பேரையும் தட்டி எழுப்பினாரு.