இறந்த திகதி என்ற கட்டம்

1. வரைபட அறை

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனவர்களைக் கவனிக்க அரசாங்கம் ஒரு புதுத் திணைக்களம் தொடங்கியபோது, யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் அதன் கிளைக்குக் கிடைத்தது பழைய வரைபடங்கள் அடுக்கிய ஓர் அறை. சீவ் கிளாக்கர் என்ற தலைமை எழுத்தர் ஒருவர், அவருக்குக் கீழே நான். எஸ்.எஸ்.சி. சோதனையை இரண்டாம் முறை எழுதித் தேறியவன். முதல் றெஜிஸ்டரில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கினேன்.

அந்த நாட்கள் இப்போது அரை நித்திரையில் கண்டவை போல இருக்கின்றன. கடற்காற்றில் வரைபடங்கள் மெல்ல அசையும். வெளியே வாங்குப் பலகையில் இருந்து பழைய பட்டாளத்தார் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாலைவனங்களைப் பற்றிக் கதைப்பார்கள்.

"எகிப்திலை ஒட்டகம்கூட எங்களை இவ்வளவு நேரம் காக்க வைக்கேல்லை, கிளாக்கர்."

"ஒட்டகத்துக்கு மூண்டு பிரதி எழுதுற வேலை இல்லை, அண்ணை."

2. நாகம்மா அக்கா

எங்களிடம் இரண்டு படிவங்கள்தான் இருந்தன. திரும்பி வந்தவர்களுக்கு ஒன்று, விதவைகளுக்கு ஒன்று. உடுவிலிலிருந்து வந்த நாகம்மா அக்கா இரண்டிலும் அடங்கவில்லை. கணவர் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினவர். சண்டை முடிந்தும் வரவில்லை. இறந்ததாகப் பட்டாளமும் எழுதவில்லை. மாரி மழைக்கு முதல் ஓலைக் கூரையை மேய அவருக்கு உதவிப் பணம் வேண்டியிருந்தது.

"ஐசே, விதவைப் படிவத்தை இறந்த திகதி இல்லாமல் அனுப்பினால் கொழும்பு திருப்பி அனுப்பும்," என்றார் சீவ் கிளாக்கர்.

நான் யோசித்தேன். திதி தெரியாத தகப்பன்மாருக்கு ஆடி அமாவாசையில் கீரிமலையில் தீர்த்தமாடிக் கடன் கழிக்கிறோம். அந்த முறைப்படி, சண்டை முடிந்த வருடத்து ஆடி அமாவாசையைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, விதவைப் படிவத்தில் இறந்த திகதியாக எழுதினேன். நல்லது செய்வதாகவே நம்பினேன்.

"என்ன எழுதியிருக்கிறியள் தம்பி? வாசியுங்கோ."

வாசித்தேன். ஒப்பமிட எடுத்த பேனையை நாகம்மா அக்கா மேசையில் வைத்தார். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

"ஆடி அமாவாசை செத்துப்போன என்ரை அப்புவுக்கு. என்ரை மனிசன் திரும்பி வரவேணுமெண்டு நான் வெள்ளிக்கிழமை விரதமெல்லோ பிடிக்கிறன். வீடு ஒழுகினால் ஒழுகட்டும். என்ரை கையாலை அவரைச் சாகடிக்க மாட்டன். வாறன் தம்பி."

3. மூன்றாவது படிவம்

 அன்று மத்தியானமே சீவ் கிளாக்கரிடம் போனேன்.

"பிழை என்னிலை ஐயா. ஆனால் அவவுக்கு எங்கடை படிவத்திலை இடமில்லை. ஓர் இடம் கேட்டுக் கொழும்புக்கு எழுதுவம்."

"உம்மடை பிள்ளையார் கையெழுத்து வைப்பாரோ?"

"நீங்கள் வைச்சால் காணும்."

அவர் சிரித்தபடியே கையெழுத்து வைத்தார். மூன்று கடிதங்கள் போனபிறகு கொழும்பிலிருந்து மூன்றாவது படிவம் வந்தது: திரும்பி வராதவரின் மனைவி. அன்றே சைக்கிளில் உடுவிலுக்குப் போனேன். நாகம்மா அக்கா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

"செத்தவர் எண்ட சொல் ஒரு இடத்திலையும் இல்லையே?"

"இல்லை அக்கா."

அதன்பிறகே ஒப்பமிட்டார். பணம் வந்து, மாரிக்கு முதல் வீடும் மேய்ந்தாயிற்று.

இளைய கிளாக்கர்மாருக்கு ஒன்று சொல்வேன். தெரியாத கட்டத்தை நிரப்பாதீர்கள். ஏன் விட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த வெற்றிடத்தை நோக்கி ஒருவர் இன்னும் வந்துகொண்டிருக்கலாம்.