பலவேசத்துக்குத் தரவேண்டிய ஒரு நாள்

எவ்வளவு உயரமான வாசலானாலும் என் அத்தா சேக் பரீத் குனிந்துதான் நுழைவார். கம்பத்தில் கல்யாண மண்டபத்துக்குள் போகும்போதும் அப்படித்தான். சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலுக்குள் முப்பது வருடம் தலை இடிக்காமல் நடந்த பழக்கம். அதனால், அவர் முதுகு மேலும் வளைந்து நடை சிறுத்தபோது, "பந்தல் வளைச்சிருச்சு" என்று ஊரே சொன்னது. வீட்டில் முதலில் பட்டம் வாங்கிய நானும் அதையேதான் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து, 2007இல், வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகே மதுரைக்குப் போனோம். பார்க்கின்சன் நோய் என்றார்கள்.

மாத்திரையோடு பயிற்சியும் சொன்னார்கள். நாற்காலியிலிருந்து வேகமாக எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். மணல் நிரப்பிய பாட்டிலைத் தலைக்கு மேல் வெடுக்கென்று தூக்க வேண்டும். போகப் போக எடையைக் கூட்ட வேண்டும்.

அவர் எல்லாவற்றையும் நேர்மாறாகச் செய்தார். ஆடி அசைந்து எழுவார், தொப்பென்று விழுவார்.

"வேகமா, அத்தா!"

"கொடி ஒடிஞ்சிராமத் தூக்குறேன், புள்ள."

"இது கொடியில்ல, பாட்டிலு!"

நலம் விசாரிக்க வருகிறவர்கள் வேறு பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். "நோயாளிய வேலை வாங்குறியே ஆத்தா, இதுக்கா உன்னையப் படிக்க வச்சாக?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கத்துவது அவருக்காகவா, இரண்டு வருடம் ஏமாந்துபோன எனக்காகவா?

அந்த வருடம் எங்கள் பந்தலில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வந்தபோது, பக்கத்துத் தோட்டத்துப் பலவேசம் இரண்டு நாள் வந்து வெட்டிக் கொடுத்தார். அதற்குக் கூலி கிடையாது. பதிலுக்கு அவர் பந்தல் கவாத்தில் நாங்கள் இரண்டு நாள் நிற்க வேண்டும். ஆள் அனுப்பலாம் என்றேன். அத்தா முறைத்தார்.

"அவரு அவரு கையால வெட்டுனாரு. நானும் என் கையாலதான் வெட்டுவேன்."

அன்றைக்குத்தான் பாட்டில் முதன்முறையாக வெடுக்கென்று மேலே போனது. ஆறு மாதம் நான் கெஞ்சியதற்குப் போகவில்லை.

ஒரு வருடம் கழித்துப் பலவேசத்தின் பந்தலில் அத்தா கத்தரியோடு கையை உயர்த்தி நின்றார்.

"போதும், உக்காருங்க பாய். ஒங்க மக என்னைய மொறைக்குது."

"அது என்னையத்தான் மொறைக்குது. வேகம் பத்தலையாம்."

பொழுது சாயும்வரை வெட்டினார். மறுநாள் மழை கெடுத்தது; ஒரு நாள் பாக்கி நின்றது. அடுத்த கவாத்துக்குள் நெஞ்சுச்சளி அவரைக் கொண்டுபோய்விட்டது.

மிச்சமிருந்த அந்த நாளுக்காகக் கத்தரியோடு நான் போனேன். பலவேசம் தோட்டத்துப் படலைத் திறக்கவில்லை.

"ஒங்கிட்டயா கேட்டேன்? அது பாய் வந்து வெட்டவேண்டியது."